பழைய பிக்கப் வாங்கும் முன் இன்ஜினைப் பார்ப்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு மிளகும் காப்பியும் ஏற்றி, திரும்பும்போது அரிசி, உரம், சிமெண்ட் என்று கிடைத்ததைக் கொண்டுவருவது என் தொழில். பதினான்கு வருஷத்தில் மூன்று பிக்கப் மாற்றிவிட்டேன். மூன்றும் கைமாறி வந்த வண்டிகள். ஊரில் யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் "கூட ஒரு எட்டு வாங்கண்ணா" என்று கூப்பிடுவார்கள். வர முடியாதபோது போனில் கேட்பார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் முன்பே நாமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவைதான் இங்கே அதிகம். பொலேரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் போன்ற டீசல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

அண்ணா, எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?

இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தின நாள் ராத்திரியே ஓனரிடம் "காலையில ஆறு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங்கும், காற்று போய்வரும் வழியை அடைக்கும் வால்வும் தேய்ந்த இன்ஜினில் அந்த அழுத்தம் கசிந்துவிடும், போதுமான சூடு வராது. ஆறிய இன்ஜினில் இது உடனே தெரியும்: நான்கைந்து முறை சுற்ற வேண்டியிருக்கும், எடுத்ததும் உதறும், புகை தள்ளும். நல்ல இன்ஜின் இரண்டு மூன்று நொடியில் எடுத்து, கொஞ்ச நேரத்தில் சீராக நின்றுவிடும். இன்னொன்று, சித்திரை வெயிலில் சேலத்தில் எந்த வண்டியும் சட்டென்று எடுக்கும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் எடுப்பதுதான் சோதனை. வெயில் காலத்தில் வாங்குகிறவர்கள் விடியற்காலையை விட்டுவிடாதீர்கள்.

"நீங்க வர்றீங்கன்னுதான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்"னு ஓனர் சொல்றாரு. இதுல என்ன தப்பு?

உண்மையாகவே உபசாரத்துக்காகவும் செய்திருக்கலாம். ஆனாலும் அன்றைக்கு அந்த வண்டியை முடிவு செய்யாதீர்கள். "சரிங்க, நாளைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

என் இரண்டாவது வண்டியை நான் அப்படித்தான் வாங்கினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் காட்டினார்கள். ஐந்து ரோடு பக்கம் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. அன்றைக்கே பணம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் உர மூட்டையோடு மலை ஏறும்போது பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) ஏற்கெனவே போய், ஹெட்டும் வளைந்திருந்தது. மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அந்த வேலையை முடித்தேன். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அந்த நாள்தான்.

சாவியைத் திருப்புனா மீட்டர்ல சிவப்பு லைட், மஞ்ச லைட் எல்லாம் எரியுது. பயப்படணுமா?

எரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வைத்தால் ஆயில் லைட், பேட்டரி லைட் எரிய வேண்டும். எலெக்ட்ரானிக் இன்ஜின் என்றால் இன்ஜின் செக் லைட்டும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணையும். பழுதை மறைக்க பல்பையே கழற்றிவிட்டவர்கள் உண்டு, மேலே கருப்பு டேப் ஒட்டியவர்களும் உண்டு. ஆயில் லைட் ஸ்டார்ட் ஆன பிறகும் அணையத் தயங்கினால், அல்லது நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது) மினுக்கினால், ஆயில் பிரஷர் குறைவு என்று அர்த்தம். சென்சார் பழுதாகவும் இருக்கலாம், பேரிங் தேய்மானமாகவும் இருக்கலாம். மெக்கானிக் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.

அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்ல ஆயில் தார் மாதிரி கருப்பா இருக்கு. இன்ஜின் போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும், கரியைத் தன்னோடு எடுத்துக்கொள்வது அதன் வேலை. தேன் நிறத்தில் புத்தம் புது ஆயில் இருந்தால்தான் "எப்போ மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்க?" என்று கேளுங்கள்.

பார்க்க வேண்டியவை வேறு. ஆயில் பால்காப்பி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த வண்டியை விட்டுவிடலாம். அளவு மேல் கோட்டுக்கும் மேலே நின்று, டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் பாகு மாதிரி கெட்டியாகச் சொட்டினால், புகையையும் சத்தத்தையும் அடக்க ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பார்க்கும்போது மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது.

புகை எல்லா டீசல் வண்டியிலயும்தான் வருது. எந்தப் புகைக்கு பயப்படணும்?

நிறத்தையும், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவரை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் நிறம் சரியாகத் தெரியும்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) சீல் மூன்றில் ஏதாவது ஒன்று. சூடான பிறகும் விடாமல் வந்தால் ரிங் மேல்தான் என் முதல் சந்தேகம். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரிலிருந்து டீசலைப் பீய்ச்சும் நாசில் கெடுவது வரைக்கும் காரணம் இருக்கலாம். ஃபில்டர் என்றால் சின்னச் செலவு, நாசிலும் டீசல் பம்பும் என்றால் பெரிய செலவு. நீலம், கருப்பு, வெள்ளை மூன்றிலும் கருப்புக்குத்தான் நான் கொஞ்சம் இடம் கொடுப்பேன்.

வெள்ளைப் புகையில் மலைக்காரர்கள் ஏமாறுவதுண்டு. பனிக்காலத்தில் ஏற்காட்டில் எல்லா வண்டியும் காலையில் வெள்ளையாகத்தான் விடும். அது நீராவி, சைலன்சரை விட்டு வெளியே வந்ததும் கரைந்துவிடும். கண் எரிகிற டீசல் வாடையோடு வெள்ளையாக வந்தால் சில சிலிண்டர்களில் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் தித்திப்பான வாடையோடு வெண்புகை காற்றில் தொங்கினால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றுவது) உள்ளே போய் எரிகிறது. என் இரண்டாவது வண்டியின் கதைதான் அது.

மெக்கானிக் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது"ன்னு சொல்றாரே, அது என்ன? நானே பார்க்க முடியுமா?

முடியும். ரிங் தேய்ந்தால் மேலே இருக்க வேண்டிய அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் இருக்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளும். அங்கிருந்து வெளியேற வழி தேடும். அதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக நடுங்கினால் கவலையில்லை. குதித்து விழுந்தாலோ, துளையிலிருந்து ரயில் இன்ஜின் மாதிரி விட்டுவிட்டுப் புகை தள்ளினாலோ கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மெக்கானிக் கேஜ் வைத்து அளப்பது) பார்க்காமல் வாங்காதீர்கள். சில மாடல்களில் இயல்பாகவே காற்று கொஞ்சம் அதிகமாக வரும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லவும் கூடாது. அந்தக் காற்று வெளியேறும் பிரீதர் ஹோஸையும் பாருங்கள். இன்டேக் (இன்ஜின் காற்றை இழுக்கும்) பக்கம் போக வேண்டிய அந்தக் குழாயைக் கழற்றி ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தால், ஆயில் அதிகமாக ஏறுகிறது என்று ஓனருக்கு ஏற்கெனவே தெரியும்.

ரேடியேட்டரைத் திறந்து பார்க்கலாமா?

ஆறிய இன்ஜினில் மட்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இப்படி வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ கூலண்ட் இருக்க வேண்டும். செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் வெறும் பைப் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துருப்பிடித்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் இன்னும் மோசம். மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சகஜம். நிற்காமல் தொடர்ந்து குமிழ் விட்டால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது, அதாவது ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். மூடி போட்ட பிறகு, இன்ஜின் இன்னும் சூடேறாதபோதே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் இதே சந்தேகம்தான்.

சத்தத்தை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மேலிருந்து லேசான டிக் டிக் என்றால் பெரும்பாலும் டப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்), செட் செய்துகொள்ளலாம். அடியிலிருந்து, லோடு கொடுக்கும்போது கனமாக "டொக் டொக்" என்று வந்தால் பேரிங், அந்த வண்டி வேண்டாம். அதே மாடல் நல்ல வண்டி ஒன்றின் சத்தத்தை முதல் நாள் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பழைய பம்பு இன்ஜின்களில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாய்க்குள் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் போகும். பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

டெஸ்ட் டிரைவ் எங்க ஓட்டுறது? ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போதாதா?

போதாது. நமக்கு வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரத்தை ஏறுகிறோம். சமதளத்தில் பத்து நாள் ஓட்டினாலும் தெரியாதது இந்த ஏற்றத்தில் ஒரே நடையில் தெரிந்துவிடும். டீசல் செலவு என்னுடையது என்று சொல்லுங்கள், முடிந்தால் கொஞ்சம் லோடும் வைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டி பாதி உண்மையைத்தான் சொல்லும்.

ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளிலேயே ஒரு கண் இருக்கட்டும். நடுவில் வந்து அங்கேயே நிற்க வேண்டும். வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி, திரும்பியதும் மிதிக்கும்போது தயங்காமல் இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். டர்போ வண்டியில் லேசான விசில் கேட்கும். அது ஊளையாக மாறினாலோ, விசிலே இல்லாமல் இழுவையும் இல்லாமல் போனாலோ டர்போவையும் அதன் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். இதை இன்ஜின் பழுது என்று நினைத்து நல்ல வண்டியை விட்டுவிட்டவர்களும் உண்டு.

மேலே போனதும் உடனே ஆஃப் செய்யாதீர்கள். இரண்டு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போவுக்கும் நல்லது, உங்களுக்கும் பானெட்டைத் திறந்து ஆயில் கசிவு, கூலண்ட் வாடை, ஆயில் லைட் எல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும். பேக் கம்ப்ரஷனையும் இந்தச் சூட்டில் இன்னொரு தடவை பாருங்கள், காலையில் அடக்கமாக இருந்த மூடி இப்போது குதிக்கலாம். பிறகு ஆஃப் செய்து பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் எடுக்கத் திணறினால் நாசிலோ பம்போ கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கில் வாருங்கள். அடிவாரத்தில் சமதளம் வந்ததும் முதல் மிதியில் குப்பென்று நீலப் புகை வந்தால், இறங்கி வந்த நேரமெல்லாம் ஆயில் கசிந்து சேர்ந்திருக்கிறது.

ஓனர் மலைக்கு விட மாட்டேங்கறார். வண்டி தேஞ்சிடுமாம்.

லோடு வண்டிதானே, மலை ஏறித் தேயாது. ஆனால் தெரியாத ஆள் கையில் கொடுக்கப் பயப்படுவது நியாயம்தான். அவரையே ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். இருபது வளைவும் வேண்டாம், எட்டு பத்து வளைவு போதும். தர்மபுரி ரோட்டில் தொப்பூர் கணவாய் ஏற்றமும் ஆகும். எதற்குமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன்.

மலையில காத்து கம்மி, கருப்புப் புகை வரத்தான் செய்யும்னு புரோக்கர் சொல்றாரு. உண்மையா?

பாதி உண்மை. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டாடா ஏஸின் 702 சிசி இன்ஜின் போன்றவற்றில் மேலே போகப் போக இழுவை குறைந்து புகை கொஞ்சம் கூடும். டர்போ வண்டியில் டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அதனால் டர்போ வண்டி முதல் இரண்டு வளைவிலேயே கருப்பாகக் கக்கினால் காற்றின் மேல் பழி போடாதீர்கள். அங்கே இன்னும் அடிவாரக் காற்றுதான்.

ஏத்தத்துல ஹீட் ஆச்சு. "கூலண்ட் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்"னு சொல்றாங்க. நம்பலாமா?

கூலண்ட் தானாகக் குறையாது, எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணக் காரணங்களும் இருக்கின்றன. ரேடியேட்டர் மூடி அவற்றில் ஒன்று. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது இருபது டிகிரிக்கு மேல் தாங்குகிறது. ரப்பர் காய்ந்த மூடி அந்த அழுத்தத்தை விட்டுவிடும். மூடி, ஹோஸ், ஃபேன் பெல்ட், தூசி அடைத்த ரேடியேட்டர் என்றால் சமாளிக்கக் கூடிய செலவு. ரேடியேட்டர் கேள்வியில் சொன்ன குமிழியும் சேர்ந்து வந்தால் ஹெட் வேலை.

முள் மேலே ஏறாத வண்டியையும் சந்தேகப்பட வேண்டும். ஹீட் ஆவதை மறைக்க தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டி சேலத்து ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓடினாலும் முள் கீழேயே கிடக்கும். மலை ஏறினால்தான் சாயம் வெளுக்கும்.

நேத்துதான் எஃப்.சி. ஆச்சாம். அப்போ இன்ஜின் நல்லாத்தானே இருக்கும்?

சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும். அதில் பிரேக், லைட், புகை அளவு, பாடி இதெல்லாம் பார்ப்பார்கள். ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எஃப்.சி. கையில் இருப்பது உங்களுக்கு ஒரு செலவு மிச்சம், அவ்வளவுதான். ஆர்.சி.யில் (வண்டிப் பதிவுச் சான்று) உள்ள இன்ஜின் நம்பர், இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் நீங்களே துடைத்துப் படித்துப் பாருங்கள். மாற்று இன்ஜின் போட்டு ஆர்.சி.யில் பதியாத வண்டியை வாங்கினால் அலைச்சல் உங்கள் தலையில் விழும்.

"இன்ஜின் வேலை முடிச்சு ஆறு மாசம்தான் ஆச்சு"ங்கறாங்க. இது பிளஸ்ஸா மைனஸா?

பில்லைப் பொறுத்தது. போர் அடித்தார்களா (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்தார்களா), ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உறை) போட்டார்களா, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங் செய்தார்களா, எந்த லேத்தில், என்ன பிஸ்டன் செட் போட்டார்கள் என்று பில்லும் தேதியும் இருந்தால், அதே பட்டறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்பலாம். ரிங் மட்டும் மாற்றிவிட்டு "ஃபுல் இன்ஜின் வேலை" என்று சொல்வது நிறைய நடக்கிறது. தேய்ந்த போரில் புது ரிங் போட்டால் கொஞ்ச நாளைக்கு நன்றாக ஓடும், அந்தக் கொஞ்ச நாளுக்குள் விற்றுவிடுவார்கள். பில் இல்லை என்றால் வேலையே நடக்கவில்லை என்று எண்ணி விலை பேசுங்கள்.

பி.எஸ். 6 வண்டி. இதுக்கும் மூடியைத் திறந்து, புகையைப் பார்த்தா போதுமா?

போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற வண்டிகள் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சைலன்சர் பாதையிலேயே இருப்பதால், இன்ஜின் கெட்டிருந்தாலும் வெளியே புகை தெரியாமல் போகலாம். இதற்கு ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி) வைத்தே ஆக வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு முன்பும் பின்பும் இரண்டு தடவை வையுங்கள். முதல் நாள் பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காட்டுவது சுலபம், மலை ஏறி இறங்கினால் அழித்த பழுது பெரும்பாலும் திரும்ப வந்து உட்காரும்.

ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன நடை ஓடிய வண்டியில் இந்த ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது. அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக் கேள்வியில் சொன்ன மேல் கோட்டைத் தாண்டிய ஆயிலுக்கு இதுவும் ஒரு காரணம். ஃபில்டரைக் கழற்றி வெறும் பைப் போட்ட வண்டிகளும் சந்தையில் வருகின்றன. கீழே குனிந்து புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துட்டேன் அண்ணா. இப்பத்தான் இதெல்லாம் படிச்சேன். என்ன பண்றது?

பரவாயில்லை, முழுப் பணம் போகவில்லையே. மீதியைக் கொடுக்கும் முன் மலைக்குக் கொண்டுபோய், உங்கள் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்டும் பார்த்துவிடுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் அந்த எண்ணை எழுதிக்கொண்டுபோய் ஓனரிடம் காட்டி விலை பேசுங்கள். பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இனிமேல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள் ரசீதில் ஒரு வரி சேர்த்து எழுதி வாங்குங்கள்: "காலையில் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, ஏற்காடு மலை ஏற்றி இறக்கிப் பார்த்து, இன்ஜின் சரியாக இருந்தால் மட்டும் கிரயம், இல்லையென்றால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்." என் மூன்றாவது வண்டிக்கு இப்படித்தான் எழுதி வாங்கினேன். ஓனர் படித்துப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்த வண்டிதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.